தையலுக்கு விட்ட சூப்

ஊசியும் நானும் முகம் கொடுத்துப் பேசி அன்றோடு பதினெட்டு நாள். அந்த நாள் பார்த்துத்தானா மதியச் சமையல் என் முறையாக வர வேண்டும்? வந்தது. அதை நான் சுத்தமாக மறந்தும் போனேன்.

ஊசி என் வீட்டுக்காரரின் தங்கை. அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். ஆள் ஒல்லி, பேச்சு சுருக்கென்று தைக்கும், கையில் துணி கிடைத்துவிட்டால் அக்கம்பக்கம் பார்க்காமல் நேராகப் போய்க்கொண்டே இருப்பாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் சேர்ந்து இந்தத் தையல்கடையைத் தொடங்கினோம். நான் வெட்டுவேன், அவள் தைப்பாள். முன்னறையில் என் வெட்டு மேசை, ஜன்னலோரம் அவளுடைய மெஷின். நடு அறையில் இஸ்திரி. அதற்கும் பின்னால் ஒருவர் உள்ளே நின்றால் இன்னொருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைய வேண்டிய ஒரு சமையலறை. இஸ்திரிக்காரர் ஒரு வாரத்துக்கு மட்டும் என்று சொல்லி வந்தவர். ஆறு வருஷம் ஆகிறது, அந்த வாரம் இன்னும் முடியவில்லை.

மதியச் சாப்பாட்டை மூன்று பேரும் முறை வைத்துச் சமைப்போம். நாளைக்கு யார் என்று சமையலறைக் கதவில் சாக்பீஸால் எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். கடையில் சட்டம் என்று பார்த்தால் இது ஒன்று. இன்னொன்று என் கத்தரி. அதை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது. தொட்டாலும் தொடலாம், அதில் காகிதம் மட்டும் வெட்டவே கூடாது. துணி வெட்டுகிற கத்தரியில் காகிதம் வெட்டினால் முனை மழுங்கிப்போகும். காகிதத்துக்கென்று ஒரு சின்னக் கத்தரி தனியாகக் கயிற்றில் தொங்குகிறது.

எங்கள் சண்டை அரை அங்குலத்தால் வந்தது. துணியை அளவுக் கோட்டின் மேலேயே வெட்டிவிட்டால் தைத்துப் பிடிக்க இடம் இருக்காது. அதனால் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் துணி விட்டு வெட்டுவோம். தையலுக்கு விடுவது என்று அதற்குப் பெயர். ஊரெல்லாம் அரை அங்குலம் விட்டால் நான் ஒரு அங்குலம் விடுவேன். போட்டுக்கொள்கிற ஆள் நாளைக்கே சதை போடலாம், துணி தண்ணீர் பட்டுச் சுருங்கலாம். பிரித்து விட்டுக்கொள்ள உள்ளே துணி இருக்க வேண்டாமா?

ஊசிக்கு அது ஆகாது. அவ்வளவு விட்டால் தோளில் துணி தடித்துப் பிதுங்கும் என்பாள். அன்றைக்கு ஒரு பெரிய மனிதர் கோட்டுப் போட்டுப் பார்க்க வந்திருந்தார். தோள்பட்டை உட்காரவே இல்லை. அவர் முன்னாலேயே ஊசி, "அண்ணி, அடுத்த கோட்டை ஒரு தடவை நான் வெட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் சுர்ரென்று ஏறியது.

"தைக்கிறவ தைச்சா போதும்" என்றேன்.

மூன்றே வார்த்தை. அவள் முகம் அப்படியே மடிந்துபோனதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் கண்ணாடி முன்னால் நின்றவரின் கையைத் தூக்கி அளவெடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எங்களுக்குள் சீட்டுதான். மாதிரி வரைகிற பழுப்புக் காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து எழுதி, துணியில் குண்டூசியால் குத்தி அனுப்புவாள். "காலர் இரண்டு குறைகிறது." நானும் எழுதுவேன். "சரியாக எண்ணவும்." எட்டு அடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு தபால் போக்குவரத்து. இஸ்திரிக்காரர்தான் தபால்காரர். லாரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் எங்கோ நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிட்டபோது நியாயம் கேட்டேன். "நான் யார் பக்கம் பேசினாலும் இன்னொரு வீட்டுல சோறு கிடைக்காது, வண்டி கிளம்பிடுச்சு" என்று வைத்துவிட்டார். வண்டி நிற்கிற சத்தம்தான் எனக்குக் கேட்டது.

அதற்குள் எதிர்ச் சாரியில் இருக்கிற பெரிய துணிக்கடையிலிருந்து ஊசிக்கு ஆள் வந்தது. தைக்க இல்லை, வெட்ட. தனி மேசை, கீழே இரண்டு உதவியாளர். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஃபோன் செய்வோம், சரி என்றால் சனிக்கிழமை காலையே வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இதையும் தபால்காரர்தான் என் காதில் போட்டார்.

அன்றைக்கு அந்த வெள்ளிக்கிழமை.

ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. ஊசி இல்லாத கடையையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். வேலைக்கு வேறு ஆள் கிடைக்கும். ஜன்னல் பக்கம் திரும்பினால் அந்த ஒல்லி முதுகு தெரியாதே, அதற்கு என்ன செய்வது? போகாதே என்று சொல்ல வேண்டும். மூன்றே எழுத்தில் முடிகிற வேலையா அது? காலையிலிருந்து நாலு தடவை எழுந்தேன், நாலு தடவையும் நூல்கண்டு எடுப்பதுபோல் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மேசையில் நூல்கண்டு சேர்ந்ததுதான் மிச்சம்.

பன்னிரண்டே முக்காலுக்கு இஸ்திரிக்காரர் வந்து நின்றார்.

"அக்கா, கதவுல உங்க முறைன்னு எழுதியிருக்கு. அடுப்பைப் பாத்தா சில்லுனு இருக்கு. இன்னைக்கு விரதமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே வாங்கலாம் என்றால் முனைச் சாப்பாட்டுக்கடை வெள்ளையடிக்க மூடியிருந்தது. ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் பதினெட்டு வெள்ளைக் கோட்டு நாலு மணிக்குக் கொடுத்தாக வேண்டும். யாரும் எங்கேயும் போக முடியாது.

"அரை மணி நேரத்துல சாப்பாடு" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனேன். அலமாரியில் இரண்டு வெங்காயம், நாலு தக்காளி, ஒரு பூண்டு, எண்ணெய், உப்பு, மிளகுத்தூள். அவ்வளவுதான். மேல் தட்டில் ஒரு பாஸ்தா பாக்கெட் இருந்தது. கால்சட்டையின் நீளத்தைக் குறைத்துக் கொடுத்ததற்கு யாரோ சந்தோஷமாகத் தந்துவிட்டுப் போனது. சின்னச் சின்னக் குழலாக, சட்டைப் பித்தான் அளவுக்கு இருந்தது.

பாஸ்தா சூப் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டேன், வெங்காயம் போட்டேன், அது கண்ணாடி மாதிரி ஆனதும் தக்காளியைக் கையாலேயே பிசைந்து விட்டேன். பச்சை வாசனை போனதும் ஆளுக்கு இரண்டு கிண்ணம் என்று ஆறு கிண்ணம் தண்ணீர், உப்பு. கொதி வந்தால் பாஸ்தாவைப் போட வேண்டும், பத்து நிமிஷம், மிளகுத்தூள், இறக்க வேண்டியது. ஒரே பாத்திரம். கழுவுகிறவருக்கும் புண்ணியம்.

வீட்டில் இதே கை அரிசி போட்டால் அளவாகத்தான் போடும். ஆனால் கழுத்தில் டேப் தொங்கிக்கொண்டிருந்தால் என் கை கடையின் கை ஆகிவிடும். இருபத்திரண்டு வருஷமாகத் துணியை நனைத்து, காயவைத்து, எவ்வளவு சுருங்கியது என்று பார்த்துவிட்டு வெட்டுகிற கை. மூன்று பேருக்கு மூன்று பிடி போட்டேன். தண்ணீரில் கிடந்தால் குறையுமே என்று, யோசிக்கக்கூட இல்லை, கை தானாக இன்னும் மூன்று பிடி போட்டது. தையலுக்கு ஒரு பிடி. பாக்கெட்டின் அடியில் கொஞ்சம் கிடந்தது. துண்டு மீதி வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை, அதையும் கவிழ்த்தேன். தட்டைப் போட்டு மூடிவிட்டு, பத்து நிமிஷத்தில் ஒரு கோட்டின் பை வெட்டிவிடலாம் என்று மேசைக்கு வந்தேன்.

பையை வெட்டினேனா என்றால் இல்லை. கத்தரியைக் கையில் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று இருபது. இன்னும் நூறு நிமிஷம். இப்போது எழுந்து போய்ச் சொல்லலாம். சாப்பிடும்போது சொல்லலாம். சாப்பிட்ட பிறகு சொல்லலாம். இப்படியே மனசுக்குள் மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது, ஊசியின் மெஷின் சட்டென்று நின்றது.

அவள் மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. எழுந்து உள்ளே போனாள். சீட்டு எழுதி அனுப்ப நேரம் இருந்திருக்காது.

"அண்ணி!"

பதினெட்டு நாள் கழித்து அந்தச் சத்தம். எனக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை, ஓடினேன்.

பாத்திரத்தின் மேல் தட்டு ஒரு விரல்கடை எழும்பி நின்றது. அதைத் தூக்கியபடி சிவப்பாக, பளபளவென்று பாஸ்தா விளிம்புக்கு மேலே வந்து எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு குழலும் பெருவிரல் தடிமன். சூப்பு என்று சொல்ல ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஊசி கரண்டியை எடுத்து நடுவில் குத்தினாள். கையை எடுத்தாள். கரண்டி நின்றது, ஆடாமல் அசையாமல்.

பின்னாலேயே வந்த இஸ்திரிக்காரர் கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

"அக்கா, இதைக் குடிக்கிறதா, இஸ்திரி போடுறதா?"

"நீங்க வாயை மூடுங்க" என்றேன்.

"எத்தனை பிடி போட்டீங்க?" என்று ஊசி கேட்டாள்.

"ஆளுக்கு ஒரு பிடி."

"அண்ணி."

"சுருங்குமேன்னு இன்னும் கொஞ்சம்."

"எது சுருங்கும்?"

"நனைஞ்சா சுருங்கும்ல..." என்று ஆரம்பித்தவள், நான் சொல்வது எனக்கே கேட்டதும் நிறுத்திவிட்டேன்.

ஊசி என்னைப் பார்த்தாள். என் கழுத்து டேப்பைப் பார்த்தாள். மறுபடி பாத்திரத்தைப் பார்த்தாள். அவளுடைய உதடு ஒரு ஓரமாக இழுத்தது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இஸ்திரிக்காரர் அதற்காகவே காத்திருந்ததுபோல் வெடித்தார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, அது என் வழக்கம். பிறகு கரண்டியைப் பார்த்தேன், அது இன்னும் ராணுவக்காரன் மாதிரி நின்றுகொண்டிருந்தது. நானும் சிரித்துவிட்டேன்.

"பாஸ்தாவுக்கும் தையலுக்கு விட்டிருக்காங்கய்யா" என்றாள் ஊசி, கண்ணைத் துடைத்தபடி. "சரி, விட்டது விட்டாச்சு. பிரிச்சு விட்டுக்கலாம். தண்ணி கொதிக்க வைங்க."

அப்புறம் அவள் கை வேலை செய்தது, நான் எடுபிடி. பாதியை எடுத்து இன்னொரு பாத்திரத்தில் போடச் சொன்னாள். இஸ்திரிக்காரர் டீக்கு வைத்திருந்த கொதிநீர் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, குழல்கள் உடையாமல் பக்கவாட்டில் கரண்டியை விட்டுத் தளர்த்தினாள். உப்பைத் தொட்டுப் பார்த்துச் சேர்த்தாள். தண்ணீர் கூடினதால் சப்பென்று ஆகிவிடக் கூடாதே என்று, மீதிப் பூண்டை எண்ணெயில் பொன்னிறமாகச் சிவக்கவிட்டு மேலே கொட்டினாள். சுர்ரென்ற அந்தச் சத்தத்திலேயே எனக்குப் பசித்துவிட்டது. அடியில் பிடித்ததை அவள் கிளறவே இல்லை. "அதைத் தொட்டா எல்லாம் கருகல் வாசனை வந்துடும், அது கிடக்கட்டும்" என்றாள்.

நடு அறையில் இஸ்திரி மேசையைச் சுற்றி மூன்று பேரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம். நாற்காலியிலெல்லாம் வெள்ளைக் கோட்டுகள் உட்கார்ந்திருந்தன. சூப் நன்றாக இருந்தது. பொய் சொல்லவில்லை, மிளகும் பூண்டும் தக்காளிப் புளிப்புமாக உள்ளே இறங்க இறங்கத் தோள் தளர்ந்தது. குழல்தான் கொஞ்சம் கொழகொழ. இஸ்திரிக்காரர் மூன்று கிண்ணம் குடித்தார். அப்படியும் பாதிப் பாத்திரம் மிச்சம். பக்கத்துக் கடிகாரக்கடைக்காரருக்கு ஒரு தூக்கு நிறைய எடுத்துக்கொண்டு அவர் வெளியே போனார். போகிற போக்கில் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். இப்பவாவது பேசுங்க என்று அர்த்தம். மணி இரண்டரை தாண்டியிருந்தது.

நான் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஊசிதான் ஆரம்பித்தாள்.

"எனக்கு ஒண்ணு புரியலை அண்ணி. துணியில ஒரு இஞ்ச் விடுறீங்க. சூப்புல பிடி பிடியா விடுறீங்க. பேச்சுல மட்டும் ஒரு நூல் அளவுகூட விட மாட்டேங்கிறீங்களே, ஏன்?"

சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் சிரிக்கவில்லை. சுருக்கென்று தைத்தது. வேண்டியதுதான், பெயர் வைத்தவள் நான்தானே.

"தெரியலை" என்றேன். "வாயில கத்தரி வச்சுக்கிட்டே பொறந்துட்டேன்போல. அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அந்த ஆள் முன்னால சொன்னது அதைவிடத் தப்பு. அந்தத் தோள் சரியில்லைன்னு எனக்கே தெரிஞ்சுது."

அவள் கரண்டியால் கிண்ணத்துச் சூப்பைக் கிளறினாள்.

"போகாதே" என்றேன். சொல்லிவிட்டேன். காலையிலிருந்து நூல்கண்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்த வார்த்தை, சூப் வாசனையோடு வெளியே வந்துவிட்டது. "தைக்க ஆள் வேணும்னு சொல்லலை. நீ இல்லாம எனக்கு அந்த மேசையில நிக்கவே முடியாது. நீயும் வெட்டு. நாளையிலிருந்து கோட்டெல்லாம் நீ வெட்டு, நான் தைக்கிறேன். எனக்குத் தைக்கத் தெரியாமலா போச்சு?"

"உங்க தையல் கோணல் அண்ணி."

"கோணலாத்தான் தைப்பேன். நீ திட்டு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து அவள் ஃபோன் அடித்தது. பெரிய கடைக்காரர்கள் பத்து நிமிஷம் முந்திவிட்டார்கள். அவர்களும் தையலுக்கு விடுகிறவர்கள்போல. ஊசி கிண்ணத்தை வைத்துவிட்டு, ஃபோனைக் காதில் வைத்தபடி தெருவுக்குப் போனாள்.

கண்ணாடி வழியாக அவள் முதுகு தெரிந்தது. தலையை ஆட்டினாள். அது சரி என்று ஆட்டினதா, இல்லை என்று ஆட்டினதா, பின்னாலிருந்து பார்த்தால் எவருக்குத் தெரியும்? அங்கேயே நின்றால் கதவைத் திறந்துகொண்டு போய்க் காதை வைத்துவிடுவேன் என்று பயந்து, அடிப்பிடித்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனேன். தண்ணீரைத் திறந்துவிட்டுத் தேய்த்தேன். கருகின பாஸ்தா பசைபோல் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். நடுவில் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் எப்போதோ வெந்து முடிந்துவிட்டது, அதன் மேல் பழியைப் போட முடியாது.

முன்னறையில் கதவு திறந்து மூடியது. காலடிச் சத்தம் என் மேசைப் பக்கம் போய் நின்றது. பிறகு மெஷின் ஓட ஆரம்பித்தது. நாலு மணிக் கோட்டை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவாள், அவள் அப்படிப்பட்டவள்தான் என்று நினைத்துக்கொண்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

என் மேசையில் வெட்டாமல் கிடந்த வெள்ளைத் துணியில் ஒரு சீட்டு குத்தியிருந்தது. திரும்பவும் சீட்டா? எடுத்துப் படித்தேன்.

"நாளைக்குச் சமையல் என் முறை. இதே சூப்தான். பாஸ்தாவை நான் அளப்பேன். கோட்டுத் துணியையும்."

இரண்டாம் தடவை படித்தேன். நாளைக்கு. சனிக்கிழமை. மூன்றாம் தடவை படிக்கும்போதுதான் அந்தக் காகிதத்தின் விளிம்பைப் பார்த்தேன். எப்போதும் கிழித்துத்தான் அனுப்புவாள், பிசிறு பிசிறாக இருக்கும். கயிற்றில் தொங்குகிற சின்னக் கத்தரியால் வெட்டினால் நாலு இடத்தில் பல் விழும். இது ஒரே இழுப்பில், அளவுகோல் வைத்ததுபோல் நேராக வெட்டப்பட்டிருந்தது. மேசையில் என் கத்தரி, நான் வைத்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, வாயைத் திறந்தபடி கிடந்தது.

"அடியேய்!" என்று கத்தினேன். தூக்கோடு உள்ளே நுழைந்த இஸ்திரிக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என் கத்தரியில காகிதமாடி வெட்டுன?"

மெஷின் நிற்கவில்லை. ஜன்னல் பக்கம் அந்த ஒல்லி முதுகு மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

"நம்ம கத்தரி அண்ணி" என்றாள்.